டிராகன் முதுகில் ஒரு வரிசை

ஜெஸ்லினுக்கு அழக்கூட நன்றாக வரும். அதைத்தான் பெனிலாவால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பெனிலா அழுதால் மூக்கு தக்காளி மாதிரி ஆகிவிடும், தொண்டை அடைத்துக் கோழி கொக்கரிக்கிற சத்தம் வரும், ஆறுதல் சொல்ல வந்தவர்களே மெல்ல நகர்ந்துவிடுவார்கள். ஜெஸ்லினுக்குக் கண் நிறையும், நிறைந்ததைக் கொட்டாமல் நிறுத்துவாள், குரல் உடையாமல் நாலு வாக்கியம் பேசுவாள், கடைசி வாக்கியத்துக்கு மட்டும் ஒரு சொட்டு விடுவாள். அந்தச் சொட்டுதான் இப்போது முன்சீட்டு அண்ணனின் போன் வீடியோவில் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தது. “லாரி ஓடண்டாம்னு நாங்க சொல்லல. பிள்ளயள் ஸ்கூலுக்குள்ள போனப்பொறவு ஓடட்டும்.” சொட்டு. “லாரி ஓடண்டாம்னு நாங்க சொல்லல.” சொட்டு. அண்ணன் பக்கத்தில் இருந்தவரிடம், “பிள்ள என்னமா பேசுது பாத்தீரா வேய், கொள்ளாம்” என்றான். கொள்ளாமாம், பிரமாதமாம். அதே பிள்ளை மறித்ததால்தான் பஸ் இங்கே நிற்கிறது, இன்ஜினையும் அணைத்தாயிற்று, ஜன்னல் ஷட்டரில் சாரல் சொட்டுகிறது, பின்னால் யாரோ நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து பஸ் முழுக்கத் தேங்காய் எண்ணெய் வாசனை. பதினொரு மணிக்கு நாகர்கோவிலில் ஐந்து பேர் கட்டுரை வாசிக்க வேண்டும். ஐந்தில் ஒருத்தி பெனிலா. இன்னொருத்தி ஜெஸ்லின். ஜெஸ்லின் ரோட்டில் நிற்கிறாள். தான் போகாததோடு விட்டாளா, போகிறவளையும் சேர்த்து நிறுத்தி வைத்திருக்கிறாள்.

மடியில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் கட்டுரை. கட்டுரைப் போட்டி நடத்தும் வாசகர் வட்டத்துக்காரர்கள் அனுப்பிய அழைப்பில் தலைப்பை ‘மிகுபுனைவில் தீமையின் உருவம்’ என்று போட்டிருந்தார்கள். மாயக்கதை என்று சொன்னால் வாய் சுளுக்கிவிடும் போல. பெனிலாவும் சும்மா விடவில்லை, பக்கத்துக்கு ஒரு ‘படிமம்’, ரெண்டு ‘தொன்மம்’ என்று தூவியிருந்தாள், சிலதுக்கு அவளுக்கே அர்த்தம் தெரியாது. கட்டுரை எழுதியது ஒரு டிராகன் கதை பற்றி. பள்ளிக்கூட லைப்ரரியில் அட்டை பிய்ந்து கிடந்த தொடர், முதல் மூன்று பாகம் உண்டு, கடைசிப் பாகம் இல்லை, யாரோ எடுத்துக்கொண்டு போய் திருப்பித் தராமல் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே படிப்பை முடித்துவிட்டார்கள். மூன்றாம் பாகத்தின் முடிவில் டிராகன் மலைக்கணவாயில் குறுக்கே படுத்துக் கிடக்கும். ஊர் அந்தப் பக்கம், தண்ணீர் இந்தப் பக்கம். அவ்வளவுதான், அப்புறம் அச்சகத்து முகவரி. பெனிலா பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடச் சுவர்ப் பத்திரிகையில் இந்தக் கதையைப் பற்றி மாதாமாதம் எழுதினாள். கடைசிப் பாகத்துக்கு வந்தபோது என்ன செய்வது? அவளே ஒரு முடிவை உண்டாக்கி, புத்தகத்தில் இருக்கிறது என்றே எழுதிவிட்டாள். யாரும் டிராகனைக் கொல்வதில்லை. ஊர்ப் பிள்ளைகள் கையைக் கோர்த்துக்கொண்டு வரிசையாக அதன் முதுகு மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்குவார்கள், இறங்கியவர்கள் சுற்றிவந்து மறுபடி ஏறுவார்கள். முதுகில் எப்போதும் ஆள் இருப்பதால் டிராகனால் எழுந்திருக்கவே முடியாது. ஜெஸ்லின் வாசித்துவிட்டுச் சிரித்தாள். “எடி, இது ஒனக்க சொந்தச் சரக்குல்லா. புஸ்தகத்துல இருக்குன்னு புளுகி வச்சிருக்க.” அதுக்கென்ன, கட்டுரையிலேயே உருப்படியான இடம் அது ஒன்றுதான். இன்றைக்கு வாசிக்கப்போகிற கட்டுரையிலும் அது இருக்கிறது. நடுவர்களில் ஒருத்தர் கடைசிப் பாகத்தைப் படித்தவராக இருந்துவிட்டால்? கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏம்மா, எந்தப் பதிப்பில் இதைப் பார்த்தாய் என்று கேட்டுவிட்டால்? கேட்கட்டும். நம்பினவள் ஒருத்தி உண்டு. ஒன்பதாம் வகுப்பு அஜினா. சுவர்ப் பத்திரிகை முன்னால் நின்று பூரா வாசிக்கிற ஒரே ஆள், சிப்ஸ் தின்ற விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வாசிப்பாள். மற்றவர்கள் எல்லாம் பிறந்தநாள் பட்டியலில் தங்கள் பெயரைத் தேடிவிட்டுப் போய்விடுவார்கள். “அக்கா, ராத்திரி எல்லாரும் ஒறங்கப் போனா டிராகன் எந்திரிச்சிராதா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. எரிச்சலூட்டுகிற அளவுக்கு நல்ல கேள்வி. அடுத்த மாதம் எழுதுதேன் பிள்ளே என்று பெனிலா சொன்னாள். அடுத்த மாதம் பரீட்சை. அப்புறம் பள்ளிக்கூடமே முடிந்துவிட்டது. போன மாதம் பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளிலேயே, இதே கோணவிளை ஜங்ஷனில், கல் ஏற்றிக்கொண்டு போன டிப்பர் அஜினாவை அடித்துவிட்டது.

அடித்துவிட்டது. அவ்வளவுதான், அந்த இடத்தில் அவள் மனசு ஒவ்வொரு தடவையும் தட்டி நிற்கிறது, சைக்கிள் செயின் கழன்ற மாதிரி மிதித்தால் சுற்றுகிறது, நகரமாட்டேன் என்கிறது. மிதிக்க வேண்டாம். வேறே எதையாவது யோசி. ஜெஸ்லினை யோசி, அது எப்போதும் ஓடும். அஜினாவின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் முன்வரிசையில் ஜெஸ்லின் நின்றாள், அந்தப் பிள்ளையின் அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு. பெனிலா பின்னால், யாரோ ஒரு மாமாவின் குடைக்கு அடியில். ஜெஸ்லினுக்கு அஜினாவை எவ்வளவு தெரியும்? பக்கத்து வளவு வீடு, அவ்வளவுதான், பாலுக்குப் போகும்போது பார்த்திருப்பாள். அஜினா என் வாசகி. ஊருக்குள் எனக்கு இருந்த ஒரே ஒருத்தி. இதைப் போய் அங்கே யாரிடம் சொல்வது? பெட்டியைச் சுற்றி நின்று அழுகிறவர்களை விலக்கிவிட்டு, கொஞ்சம் நகருங்க, இவ எனக்க கட்டுரைய வாசிப்பா என்று சொல்ல முடியுமா? செருப்பால் அடிப்பார்கள். முன்னால் ஒருத்தி அவ்வளவு நன்றாக அழுதுகொண்டிருக்கும்போது பின்னால் நின்று கொக்கரிக்கவும் வெட்கமாக இருந்தது. அதனால் பெனிலா அழவில்லை. அழாமல் நின்றதை அம்மா பார்த்துவிட்டு வீட்டில், “கல்லு மனசுடி ஒனக்கு” என்றாள். அப்புறம் ஃபிளக்ஸ் வந்தது, அஜினா படம், கீழே ஜெஸ்லின் எழுதின வரி. கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொண்டுபோனபோது நடுவில் ஜெஸ்லின். பள்ளிக்கூட நேரத்தில் டிப்பர் கூடாது, வாசலில் வேகத்தடை வேண்டும், கடக்கிற இடத்தில் வெள்ளைக்கோடு வேண்டும், இதையெல்லாம் ஜெஸ்லின் சொன்னால் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. பெனிலாவை யாரும் கூப்பிடவில்லை என்று சொல்ல முடியாது. கூப்பிட்டார்கள். ஜெஸ்லினே மூன்று தடவை வாய்ஸ் மெசேஜ் போட்டாள். மூன்றையும் கேட்டுவிட்டு பெனிலா பதில் போடவில்லை. போனால் ஜெஸ்லினுக்குப் பின்னால் நிற்க வேண்டும், பேனரின் ஒரு ஓரத்தைப் பிடிக்க வேண்டும், போட்டோவில் பாதி முகம் பேனருக்குப் பின்னால் போய்விடும். அதெல்லாம் அவளுக்குப் பழக்கம்தான், பழக்கம் என்பதால்தான் போகவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. ஜெஸ்லினுக்குப் பேச்சு வரும், அழுகை வரும், ஆட்களைச் சேர்க்க வரும், எல்லாம் எடுத்துக்கொள்ளட்டும், எழுதுவது மட்டும் எனக்கு என்று பெனிலா மனசுக்குள் பாகம் பிரித்து வைத்திருந்தாள். போட்டிக்கு ஜெஸ்லினும் எழுதினாள். எழுதினதை அனுப்பி, “வாசிச்சிட்டுச் சொல்லு, ஒனக்குத் தெரியும்லா” என்று கேட்டாள். தெரியும். வாசித்த உடனே தெரிந்தது. மாயக்கதைகளில் தீமை ரொம்பத் தூரத்தில் இருக்கும், கறுப்பு மலையில், எரிகிற கோட்டையில், அதைப் பார்க்கவே ஆட்கள் புத்தகம் முழுக்க நடக்க வேண்டும். எங்கள் ஊரில் அது காலை எட்டரை மணிக்கு நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டு வாசலுக்கே வருகிறது, நாங்கள் நடக்கவே வேண்டாம். இப்படித்தான் ஆரம்பித்திருந்தாள். ஒரு படிமம் கிடையாது, ஒரு தொன்மம் கிடையாது. பெனிலா அந்த மெசேஜை அழித்தாள். அழித்த பிறகும் அது மனப்பாடமாக இருந்தது. “நல்லா இருக்கு, கடைசி பத்தி கொஞ்சம் இழுவை” என்று பதில் போட்டாள். கடைசி பத்தி இழுவை இல்லை. ஜெஸ்லின் நன்றி சொல்லி ஒரு இதயம் போட்டாள். போட்ட இதயத்தைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு பெண்ணை எப்படித்தான் வெறுப்பது, பிடிமானமே தரமாட்டேன் என்கிறாள்.

பஸ்ஸுக்குள் ஆட்கள் எழுந்து முன்னால் போய்ப் பார்க்க ஆரம்பித்தார்கள். கோர்ட்டுக்குப் போகிற ஒருத்தர், வெள்ளைச் சட்டை, கக்கத்தில் பேப்பர் கட்டு, “மறியல்னா பிடிச்சி வேன்ல ஏத்த வேண்டியதுதானே, போலீசு எதுக்கு நின்னு வேடிக்க பாக்குது?” என்று கத்தினார். கண்டக்டர், “எப்படிவேய் ஏத்துவான்? ரோட்டுல உக்காந்தாத்தானே மறியல். அதுவ ரோட்டக் கடக்குதுவ. கடக்கது குத்தமா?” என்றார். பெனிலாவும் எழுந்து எட்டிப் பார்த்தாள். மழைத்தூறல் விழுகிற கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூட வாசலில் இருந்து எதிர்ப்பக்கத்து டீக்கடை வரைக்கும், சீருடையில் ஒரு வரிசை. கையைக் கோர்த்துக்கொண்டு கடக்கிறார்கள். டீக்கடை முன்னால் திரும்புகிறார்கள், திரும்பி வாசலுக்கு வருகிறார்கள், வாசலில் திரும்பி மறுபடி. உட்காரவில்லை, கத்தவில்லை, கோஷம்கூட இல்லை. ரோட்டின் மேல் எப்போதும் ஆள். அந்தப் பக்கம் டிப்பர்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன, எழுந்திருக்க முடியாமல்.

பெனிலாவுக்குக் காது சூடாகியது. என்னுடையது. அது என்னுடையது. கணவாய், முதுகு, கைகோர்ப்பு, திரும்பி வந்து மறுபடி ஏறுவது, ஒரு வரி விடாமல் எடுத்திருக்கிறாள். சொந்தச் சரக்கு என்று சிரித்தாளே, அந்தச் சரக்கை எடுத்து ரோட்டில் விரித்து வைத்து ஊரே பார்க்கிறது. கோபம் வந்த வேகத்தில் பின்னாலேயே ஒரு சந்தோஷமும் வந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம். கடைசியில் மாட்டினாளா! இத்தனை நாளாகக் காரணம் இல்லாமல் வயிறெரிந்தேன், இப்போது காரணம் கிடைத்துவிட்டது, கெட்டியான காரணம், திருடி. யாரிடமாவது சொல்லலாம், பெயர் போடாமல் ஸ்டேட்டஸ் வைக்கலாம். உள்ளுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், திருடி, இனிப்பாக இருந்தது.

அப்போது முன்படிக்கட்டில் ஜெஸ்லின் ஏறினாள். சுடிதார் நனைந்து ஒட்டியிருந்தது, கையில் நோட்டீஸ் கட்டு. “அண்ணன்மாரே, அக்காமாரே, மன்னிச்சுக்கிடுங்க. அந்தப் பக்கத்துல வந்த பஸ்ஸ நாகர்கோவிலுக்கே திருப்பி விடுதாங்க. நீங்க எறங்கி எங்க வரிசையில சேந்து கடந்துபோய் அதுல ஏறிக்கிடலாம். கையப் பிடிச்சு வரணும், அது மட்டுந்தான்.”

“நான் யாருக்க கையயும் பிடிக்க மாட்டேன். எனக்கு வாய்தா இருக்கு” என்றார் கோர்ட்டுக்காரர்.

“ஆறாங்கிளாஸ் பிள்ளயள விடுதேன் மாமா, அதுவளுக்க கைய பிடிங்க, கடிக்காது.”

பஸ் சிரித்தது. பார், இதுவும் வருகிறது. ஜெஸ்லின் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டே வந்து பெனிலாவின் சீட்டில் நின்றாள். முகம் மலர்ந்துவிட்டது, நடிப்பில்லை, அதுதான் கொடுமை.

“எடி பெனிலா! நீ இந்தப் பஸ்ஸிலயா? நல்ல வேள. எறங்கு எறங்கு, இப்பமே போனா நேரத்துக்குப் போயிரலாம்.”

“நீ வரல?”

“எப்பிடி வர? இதுவள விட்டுட்டா? நான் காலையிலயே போன் போட்டுச் சொல்லிட்டேன், வர முடியாதுன்னு. நீ போய் வாசி. நீதான ஜெயிக்கப் போற.”

பெனிலா இனிப்பை வாயில் அடக்கிக்கொண்டு கேட்டாள். “இந்தக் கடக்குற யோசன யாருக்கது?”

“யாருக்கதா? ஒனக்கதுல்லா!” ஜெஸ்லின் ஆச்சரியமாகப் பார்த்தாள். “ஒனக்க கட்டுரையத்தான் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். எச்.எம். டீச்சருக்குக்கூடச் சொன்னேன், பெனிலா எழுதினதுன்னு. மூணு மெசேஜ் போட்டேனே, கேக்கலியா நீ? சரி, அத விடு. அஜினா கேட்டாளாம்லா ஒன்கிட்ட, ராத்திரி டிராகன் என்ன செய்யும்னு? அவளுக்க அம்ம சொல்லிச்சு. வீட்டுல வந்து தெனமும் கேப்பாளாம், அக்கா இன்னும் எழுதல்லன்னு.” கண் நிறைந்தது. இந்தத் தடவை கேமரா இல்லை, சொட்டும் விழவில்லை, அவள் சட்டென்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்சீட்டுக்குப் போய்விட்டாள். மூக்கு சிவந்திருந்தது. தக்காளி மாதிரி.

அவ்வளவு கெட்டியான காரணம் ஒரு நொடியில் போய்விட்டது. மெசேஜ் கேட்டாள்தான், மூன்றையும் முதல் வார்த்தையோடு நிறுத்திவிட்டாள், ‘எடி பெனிலா’ என்கிற அந்த உற்சாகக் குரல் தாங்காமல். இனி எதை வைத்து எரிவது? வயிறு மட்டும் எரிகிறது, விறகே இல்லாமல். ஜெயிக்கப் போகிறாளாம். ஜெஸ்லின் வராததால் கிடைக்கிற முதல் பரிசு, பந்தி முடிந்தபிறகு இலையில் வைக்கிற பாயசம். தெனமும் கேட்பாளாம். சைக்கிள் செயின் சட்டென்று பல்லில் மாட்டியது, மாட்டி ஒரு சுற்று சுற்றியது, பெனிலாவின் தொண்டையில் கோழி ஒன்று அசைந்தது. அவள் அதை விழுங்கிக்கொண்டு, ஃபைலை நெஞ்சோடு பிடித்து, கீழே இறங்கினாள்.

வரிசையில் ஒரு குட்டிப் பிள்ளை கை நீட்டியது. அந்தப் பிள்ளையின் உள்ளங்கையில் மிட்டாய்ப் பிசுபிசுப்பு. கோர்ட்டுக்காரர் முன்னால் போகிறார், கக்கத்தில் பேப்பர், இரண்டு கையிலும் பிள்ளைகள், திருவிழாவில் தொலைந்துபோனவர் மாதிரி ஒரு முகம். போன வருஷம் வரைக்கும் இந்தப் பள்ளிக்கூடத்தில் காலையும் மாலையும் சின்ன வகுப்புகள் இப்படித்தான் கடக்கும், வரிசையின் தலையில் ஒரு பிளஸ் டூ அக்கா, வாலில் ஒரு பிளஸ் டூ அக்கா. தலை ஜெஸ்லின். வால் பெனிலா. வாலுக்கு ஒரு கை பிள்ளைக்கு, இன்னொரு கை வண்டிகளைப் பார்த்து நீட்டியபடி. ஹார்ன் அடித்தால் முறைக்க வேண்டும், அது அவளுக்கு நன்றாக வரும். இங்கே தலையும் இல்லை, வாலும் இல்லை, சுற்றிச் சுற்றி வருகிறது. நடு ரோட்டில் காலுக்கடியில் தார் அதிர்ந்தது, டிப்பர் ஒன்று இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது, முன்கம்பியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின, அவ்வளவு கிட்டே. இங்கேதானா? இன்னும் கொஞ்சம் தள்ளியா? கீழே பார்க்காதே. டீக்கடை வந்துவிட்டது. அவள் கையை விட்டாள், பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திருப்பி நின்ற பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. ஃபைலை சீட்டில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். தான் விட்டுவந்த இடத்தைத்தான் தேடினாள், அந்தக் குட்டிப் பிள்ளையின் பின்னால் ஒரு ஆள் அளவு காலியாக இருக்கும் என்று. இல்லை. பிள்ளையின் கை அடுத்த கையோடு சேர்ந்து எப்போதோ மூடிவிட்டது. ஒரு சாண் இடைவெளி இல்லை. அவள் அங்கே இருந்தாள் என்பதற்கு ஒரு அடையாளம் இல்லை. ஜெஸ்லின் நோட்டீஸை முடித்துவிட்டு வந்து அந்த இடத்துக்கே நேராகப் போனாள், ஒரு பிள்ளை கையைத் திறந்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. என் டிராகன். என் முதுகு. என் வாசகி. நான் இல்லாமல் சுற்றுகிறது. டிரைவர் இன்ஜினைப் போட்டான். ராத்திரி எல்லாரும் ஒறங்கப் போனா? கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை, பன்னிரண்டு பக்கம் படிமம் இருக்கிறது.

“அண்ணே, எறங்கணும்.”

“இப்பத்தான ஏறின?”

“எறங்கணும்னு சொல்லுதேன்லா!”

கண்டக்டர் ஏதோ சொல்லிக்கொண்டே விசில் ஊதினார். குதித்து இறங்கி ரோட்டோரம் வந்தபிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. கட்டுரை மட்டும் நாகர்கோவிலுக்குப் போகிறது, ஜன்னலோரத்தில், தனியாக. போகட்டும். கோர்ட்டுக்காரர் வாசிக்கட்டும். அவள் வரிசையைப் பார்த்து நடந்தாள். மனசு நல்லதாகி நடக்கிறாள் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் தப்பு. அந்த இடத்தை இன்னொருத்தி எடுத்துக்கொள்வதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான். ஜெஸ்லினுக்கும் பிசுபிசுப்புப் பிள்ளைக்கும் நடுவில் போய், கோர்த்திருந்த கையைப் பிரித்தாள்.

“நகரு.”

“எடி, போட்டி?”

“பொறவு சொல்லுதேன். நகரு.”

நகர்ந்தாள். தார் மறுபடி காலுக்கடியில் அதிர்ந்தது, அந்த டிப்பர் காத்திருந்த மாதிரி காது கிழிய ஹார்ன் அடித்தது. பெனிலா முகத்தைத் திருப்பி டிரைவரை முறைத்தாள், வால் டூட்டியில் முறைக்கிற அதே முறைப்பு. தொண்டையில் இருந்த கோழி வெளியே வந்துவிட்டது, அசிங்கமான சத்தம், மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் மாட்டியிருந்தது. அப்போதுதான் கவனித்தாள், ஜெஸ்லினின் கை சொதசொதவென்று இருந்தது. மழை ஈரம் இல்லை. உள்ளங்கை வியர்த்திருந்தது, பெனிலாவின் கையைவிட மோசமாக. அவளுக்கும் பயம்தான், வீடியோவில் தெரியாத பயம். பெனிலாவுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அந்தக் கையை அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.